முந்தின இரவே தொடங்கிவிடும் காலைப் பலகாரம்

"நாளைக்குக் காலையில என்ன?" இரவு ஒன்பது மணிக்கு மேல் நம் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது. பெரும்பாலும் ஒருவரே இதைக் கேட்டு, அவரே பதிலும் சொல்லிக்கொள்கிறார். பள்ளி வேன் ஏழரைக்கு வந்துவிடும். அலுவலகத்துக்குப் போகிறவர் எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டும். இந்த நெருக்கடியில் தினமும் வேறு வேறாக, எல்லாருக்கும் பிடித்ததாக, உடம்புக்கும் நல்லதாக ஒன்றைச் செய்வதற்கு ஆயிரம் சமையல் குறிப்புகள் கிடைக்கின்றன. எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. நம் காலைப் பலகாரங்களில் கடினமான வேலை எதுவும் காலையில் நடப்பதில்லை. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களும், நெல்லை அவித்துக் காயவைத்த ஆலையும், அவல் இடித்தவரும், ரவை உடைத்த இயந்திரமும் முன்கூட்டியே அதை முடித்துவிடுகிறார்கள். காலையில் அடுப்படியில் நடப்பது கடைசிக் கட்டம் மட்டுமே. எந்த வேலையை யார், எப்போது செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், வாரம் முழுக்க மாற்றி மாற்றிச் செய்வது அவ்வளவு பாரமாக இருக்காது.

இட்லி மாவிலிருந்தே தொடங்கலாம்.

1965-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வுக்குழு இட்லி மாவைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. முகர்ஜி, ஸ்டெயின்கிராஸ் ஆகியோரோடு பெடர்சன் என்பவரும் அந்தக் குழுவில் இருந்தார். முட்டைகோஸைப் புளிக்கவைத்துச் செய்யும் சார்க்ராட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர். இட்லி மாவைப் பொங்க வைப்பது ஈஸ்டாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ரொட்டி மாவு அப்படித்தானே உப்புகிறது. ஆனால் இட்லி மாவில் அந்த வேலையைச் செய்வது லியூகோனோஸ்டாக் மெசென்டெராய்டிஸ் என்ற பாக்டீரியா என்று அவர்கள் காட்டினார்கள். முட்டைகோஸ் புளிப்பதைத் தொடங்கி வைப்பதும் இதே பாக்டீரியாதான். சர்க்கரையை உண்டு இது லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்தே வெளியிடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவைத் தூக்குகிறது. நேரம் போகப் போக அமிலத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பைக் கூட்டுகின்றன.

அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியும் முக்கியமானது. இந்த நுண்ணுயிர்கள் வெளியிலிருந்து வருவதில்லை. அரிசியிலும் உளுந்திலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கின்றன. "அவங்க கை பட்டா மாவு நல்லாப் பொங்கும்" என்று சில பெண்களைப் பற்றிச் சொல்வார்கள். கையால் கரைத்தால் நன்மை உண்டுதான். உளுந்து மாவும் அரிசி மாவும் சீராகக் கலக்கும், உள்ளங்கைச் சூடும் கொஞ்சம் சேரும். ஆனாலும் புளிப்பின் வித்து அரிசியிலும் உளுந்திலும்தான் இருக்கிறது. பழைய, வண்டு விழுந்த உளுந்தை வாங்கிவிட்டால் எந்தக் கையாலும் ஒன்றும் செய்ய முடியாது. புது உளுந்து வாங்குவதற்காகக் கூடுதலாகச் செலவாகும் பத்து ரூபாய், கை ராசியைவிட நிச்சயமான பலன் தரும்.

வாயு உண்டானால் மட்டும் போதாது, அது மாவுக்குள்ளேயே தங்க வேண்டும். கோதுமையில் குளூட்டன் என்ற இழுபடும் புரதம் அதைப் பிடித்துவைக்கிறது. அரிசியில் அது இல்லை. அரிசி மாவை மட்டும் புளிக்க வைத்தால் குமிழிகள் மேலேறி உடைந்துவிடும். உளுந்து இங்கே என்ன செய்கிறது என்பதை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1970-களில் பிரித்துப் பார்த்தார்கள். உளுந்தில் இரண்டு பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று குளோபுலின் வகைப் புரதம். இது குமிழியைச் சுற்றி பலூன் ரப்பரைப் போல மெல்லிய தோலாகப் படர்கிறது. மற்றொன்று அரபினோகேலக்டன் என்ற வழவழப்பான கூட்டுச் சர்க்கரை. ஊறிய உளுந்தைத் தொட்டால் விரலில் வரும் பிசுபிசுப்பு இதுதான். மாவைக் கெட்டியாக்கி, குமிழிகள் சட்டென்று மேலேறிப் போய்விடாமல் இது தடுக்கிறது. கூடவே போடும் வெந்தயமும் இதே போன்ற ஒரு வழவழப்பைச் சேர்க்கிறது.

உளுந்தைப் பஞ்சு போல ஆட்ட வேண்டும், குளிர்ந்த நீர் தெளித்து ஆட்ட வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்துவதற்குக் காரணமும் இங்கே இருக்கிறது. ஆட்டும்போது காற்று உள்ளே போகிறது, அந்தப் புரதம் அதை நுரையாகப் பிடிக்கிறது. மாவு சூடேறினால் புரதத்தின் நுரை பிடிக்கும் திறன் குறைந்துவிடும். கல் மெதுவாகச் சுற்றும் கிரைண்டரில் சூடு குறைவு. மிக்ஸியின் பிளேடு வேகமாகச் சுற்றுவதால் சூடு அதிகம். மிக்ஸியில் அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் சேர்த்து, இடைவெளி விட்டு அரைத்தால் இதைச் சமாளிக்கலாம். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த ஊர்ப் பட்டறைகள் தமிழ்நாட்டுப் பெண்களின் தோளிலிருந்து ஆட்டுக்கல்லை இறக்கிவைத்தன. அந்த மரியாதை அவற்றுக்குக் குறைவுதான்.

ஆட்டிய உளுந்து மாவில் சிறு துளியை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் காற்று போதுமான அளவு ஏறியிருக்கிறது.

அரிசிக்கு இந்த நுரை வேலை கிடையாது. கட்டுமானத்துக்கு உடல் கொடுப்பதுதான் அதன் பொறுப்பு. இட்லிக்குப் புழுங்கலரிசியே ஏன் என்றால், நெல்லாக இருக்கும்போதே அதை ஊறவைத்து அவித்துவிடுகிறார்கள். மாவுச்சத்து ஒருமுறை வெந்து, காய்ந்து இறுகிவிடுகிறது. அதை நைஸ் ரவைப் பதத்துக்கு அரைக்கும்போது கிடைக்கும் துகள்கள் வேகும்போது குழைந்துபோகாமல் நிற்கின்றன. இன்னொரு நன்மையும் உண்டு. அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமினான தயமினில் ஒரு பங்கு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடாது. தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய், பச்சரிசி உண்ட மக்களைத் தாக்கிய அளவுக்குப் புழுங்கலரிசி உண்டவர்களைத் தாக்காததற்கு இதுவே காரணம்.

மாவு புளிக்க ஏற்ற வெப்பம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியது. சென்னையின் மே மாத இரவில் ஆறேழு மணி நேரத்திலேயே பாத்திரம் வழிந்துவிடும். ஊட்டியின் டிசம்பரில் மறுநாள் மதியம் வரைகூடக் காத்திருக்க நேரும். குளிரூரில் இருப்பவர்கள் மாவுப் பாத்திரத்தை விளக்கை மட்டும் எரியவிட்ட ஓவனுக்குள் வைப்பது நல்ல யோசனை. அந்த விளக்கின் சூடே போதும். அடுப்பின் சூடு வேண்டாம், பாக்டீரியா செத்துவிடும். மாவின் பிஎச் அளவு தொடக்கத்தில் 6-ஐ ஒட்டி இருக்கும். நன்றாகப் புளித்த மாவில் அது 4.5 அளவுக்கு இறங்கியிருக்கும். அந்தப் புளிப்பில் நோய் உண்டாக்கும் பெரும்பாலான கிருமிகளால் பெருக முடியாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் வெப்ப நாட்டுக் குடும்பம் ஒன்று ஈரமாவை அச்சமில்லாமல் வைத்திருக்க முடிந்தது இதனால்தான்.

இனி ஒரு வாரத்தைப் பார்ப்போம்.

முதல் நாள் இட்லி. வாயு நிறைந்திருக்கும் நாள் அதுதான். அதனால் மாவை அதிகம் கலக்காமல் மேலாக அள்ளி ஊற்ற வேண்டும். ஆவி குளிர்ந்த மாவைத் தொட்டதும் நீராக மாறுகிறது. அப்படி மாறும்போது ஒவ்வொரு கிராம் ஆவியும் ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை மாவுக்குக் கொடுக்கிறது. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 70 கலோரி போதும் என்பதை நினைத்தால் ஆவியின் வலிமை தெரியும். பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் குமிழிகள் விரிந்து, மாவுச்சத்து வெந்து, புரதம் இறுகி, அந்தப் பஞ்சு வடிவம் அப்படியே நின்றுவிடுகிறது. இடையில் மூடியைத் திறந்தால் குமிழி இறுகுவதற்கு முன்பே சூடு இறங்கி இட்லி அமுங்கும்.

இரண்டாம் நாள் தோசை. கரண்டியால் கலக்கிக் கலக்கி வாயு பெருமளவு போயிருக்கும், ஆனால் தோசைக்கு அது குறையல்ல. புளிக்கும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிய சர்க்கரைகளாகவும், புரதத்தின் ஒரு பகுதி அமினோ அமிலங்களாகவும் உடைந்திருக்கும். சூடான கல்லில் இவை இரண்டும் வினைபுரிந்துதான் அந்தப் பொன்னிறமும் மணமும் உண்டாகின்றன. மெயார்டு வினை என்று இதைச் சொல்வார்கள். 140 டிகிரிக்கு மேல்தான் இது வேகம் பிடிக்கும். ஈரம் இருக்கும் வரை மாவின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே மெல்லியதாகத் தேய்த்த தோசை சீக்கிரம் உலர்ந்து முறுகலாகிறது, தடித்த தோசையின் உட்பக்கம் வெள்ளையாகவே நின்றுவிடுகிறது. அன்றே அரைத்த மாவில் வார்த்தால் தோசை வெளுத்து வருவதும் உடைந்த சர்க்கரை போதாததால்தான். சிட்டிகை சர்க்கரை சேர்த்துக்கொண்டால் நிறம் வரும்.

மூன்றாம் நாள் மாவு புளிப்பேறியிருக்கும். அன்று ஊத்தப்பம். மேலே தூவும் வெங்காயம் கல்லில் வதங்கும்போது அதன் உறைப்பு போய் இனிப்பு மேலே வரும். புளித்த மாவுக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை. கேரட் துருவல், பொடியாக நறுக்கிய குடைமிளகாய், முட்டைகோஸ், மீந்துபோன கீரைப் பொரியல் எதையும் தூவலாம். குழந்தைகள் தனியாகக் கொடுத்தால் ஒதுக்கும் காய் இங்கே மறுப்பில்லாமல் உள்ளே போகிறது.

நான்காம் நாள் குழிப்பணியாரம். கடுகும் கடலைப்பருப்பும் தாளித்துக் காரமாகச் செய்யலாம், வெல்லப்பாகு சேர்த்து இனிப்பாகவும் செய்யலாம். புளிப்பு தாங்காத அளவுக்குப் போய்விட்டால் ரவையோ பச்சரிசி மாவோ கலந்தால் அமிலம் நீர்த்துவிடும். செட்டிநாட்டுப் பெண்கள் பணியாரக் கல்லை அடுப்பில் வைத்து ஒரு குச்சியால் திருப்பிப் போடும் லாவகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தக் குழியில் எண்ணெய் ஒரு சொட்டுதான். மேல்பக்கம் முறுகலாகவும் உள்ளே ஈரமாகவும் ஒரே உருண்டையில் கிடைப்பது குழியின் வடிவத்தால்.

இந்த நான்கு நாள் ஏற்பாட்டில் ஒரு விதியை மட்டும் மறக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி பாக்டீரியாவைக் கொல்வதில்லை, மந்தப்படுத்துகிறது. முழுப் பாத்திரத்தையும் தினமும் வெளியே எடுத்து வைத்துத் திருப்பி உள்ளே வைத்தால் ஒவ்வொரு முறையும் அது விழித்துக்கொண்டு புளிப்பைக் கூட்டும். வேண்டிய மாவைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மீதியை உடனே உள்ளே தள்ளிவிட வேண்டும்.

மாவு பொங்காத நாளில் சோடா உப்பு போடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. சோடா அமிலத்தோடு வினைபுரிந்து வாயுவைத் தருவது உண்மைதான், இட்லியும் உப்பும். ஆனால் சோடா அளவு மீறினால் மாவு காரத்தன்மை அடையும். காரத்தில் தயமின் அழியும். புழுங்கலரிசி பாடுபட்டுக் காப்பாற்றி வந்ததை ஒரு சிட்டிகை கெடுத்துவிடும். பொங்காத மாவில் தோசை வார்த்துவிடுவது மேல்.

புளிக்க வைக்க நேரமில்லாத வாரத்துக்கு அடை இருக்கிறது. அரிசியோடு துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, உளுந்து கலந்து இரவில் ஊறவைத்து, காலையில் மிளகாய், பெருங்காயத்தோடு கொரகொரப்பாக அரைத்து அப்படியே வார்க்கலாம். இதில் வாயு வேண்டியதில்லை, அதனால் காத்திருக்கவும் வேண்டியதில்லை. முருங்கைக்கீரை உருவிப் போட்டால் அந்த ஒரு அடையே முழு உணவு. என்னைக் கேட்டால், வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வாரம் இருமுறையாவது அடை வார்க்க வேண்டும். அதில் பருப்பின் பங்கு இட்லியைவிடக் கூடுதல்.

பருப்பின் பங்கு என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அரிசி, கோதுமைப் புரதங்களில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். ஆனால் பருப்பில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பி, உடம்பு கட்டமைக்கத் தேவையான எல்லாம் கிடைக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தானியம் மூன்று பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு என்ற அளவைப் பரிந்துரைக்கிறது. இப்போது நம் பழைய அளவுகளைப் பாருங்கள். இட்லிக்கு மூன்றுக்கு ஒன்று அல்லது நாலுக்கு ஒன்று. வெண்பொங்கலுக்கு அரிசி இரண்டு பங்கு என்றால் பாசிப்பருப்பு ஒரு பங்கு. அமினோ அமிலம் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், நாக்கும் வயிறும் சொன்னதைக் கேட்டு நடந்தவர்கள் இந்த விகிதத்தை வந்தடைந்திருக்கிறார்கள்.

தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்திலும் ஏறக்குறைய இதே கணக்கு இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய இத்திட்டம், 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒரு குழந்தைக்கு அரிசி, ரவை, சேமியா போன்றவற்றில் ஒன்று 50 கிராம். சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், உள்ளூர்க் காய்கறிகளோடு. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்றாக மாறும். இந்தப் பட்டியலில் எல்லாமே ஒரே பாத்திரத்தில் கிளறி இறக்குபவை. நூறு குழந்தைகளுக்கு எட்டரை மணிக்குள் பரிமாற வேண்டிய சமையலறைக்கு ஒவ்வொன்றாக ஊற்றி எடுக்கும் தோசை ஒத்துவராது. வீட்டிலும் இந்த அறிவு உதவும். ஆட்கள் அதிகமாக இருக்கும் நாளில் கிளறும் பலகாரம், ஆட்கள் குறைவான ஞாயிற்றுக்கிழமையில் ஊற்றும் பலகாரம். பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தைகூட இருக்கக் கூடாது என்று ஓர் அரசு முடிவெடுத்து அடுப்பு பற்றவைத்ததை நான் பெரிய காரியமாக மதிக்கிறேன்.

உப்புமாவை அலட்சியப்படுத்துபவர்கள் பெரும்பாலும் ரவையைச் சரியாக வறுக்காதவர்கள் கையில் சாப்பிட்டவர்கள். ரவை என்பது உடைத்த கோதுமை. அதில் குளூட்டன் உண்டு. வறுக்காமல் கொதிநீரில் போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகும். மணம் வரும் வரை வறுத்தால் வெளிப்புறத்தில் உள்ள புரதம் தன் ஒட்டும் குணத்தை இழக்கிறது, உப்புமா உதிரியாக வருகிறது. ஒரு கிலோ ரவையை விடுமுறை நாளில் வறுத்து ஆறவைத்து டப்பாவில் போட்டுக்கொண்டால் வார நாளில் வேலை பாதியாகும்.

அவல் இன்னும் எளிது. ஊறவைத்த நெல்லை வறுத்து இடித்த அவலில் மாவுச்சத்து ஏற்கெனவே வெந்திருக்கிறது. தண்ணீரில் அலசிப் பிழிந்தாலே உண்ணலாம். தாளித்து அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். சூட்டில் வைட்டமின் சி அழியும் என்பதோடு, அதே வைட்டமின் சிதான் தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்ச உதவுகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் டீயும் காபியும் இதற்கு நேர்மாறாக இரும்பைத் தடுக்கின்றன. டம்ளரை ஒரு மணி நேரம் தள்ளிப்போட முடிந்தால் நல்லது, முக்கியமாக ரத்தச்சோகை இருக்கும் பெண்களுக்கு.

இடியாப்பமும் புட்டும் ஒரே வறுத்த அரிசி மாவில் வருபவைதான்; தண்ணீர்தான் அவற்றைப் பிரிக்கிறது. கொதிநீர் ஊற்றினால் மேல்பரப்பு மாவுச்சத்து வெந்து பசையாகி, பிழியும் அளவுக்கு மாவு இழுபடுகிறது. பிடித்தால் பிடி நிற்க, விட்டால் உதிரும்படி நீரைத் தெளித்தால் துகள்களுக்கு இடையே ஆவி புகுந்து புட்டாகிறது.

இட்லி ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லாதது, அதனால் சர்க்கரை நோயாளி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றொரு நம்பிக்கை நம்மிடையே பரவியிருக்கிறது. எண்ணெய் இல்லை என்பது சரி. ஆனால் நன்றாக அரைபட்டு முழுதாக வெந்த மாவுச்சத்து வேகமாகச் செரித்து ரத்தத்தில் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். ஆறு இட்லியைச் சட்னி தொட்டுச் சாப்பிடுவதைவிட, மூன்று இட்லியைக் காய் நிறைந்த சாம்பாரோடு, நிலக்கடலைச் சட்னியோடு, விரும்பினால் ஓர் அவித்த முட்டையோடு சாப்பிடும்போது புரதமும் நார்ச்சத்தும் அந்த வேகத்தைக் குறைக்கின்றன.

பழைய சோறு இந்த வேகத்தைக் குறைக்கும் இன்னொரு வழி. வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தின் இழைகள் மறுபடி நெருங்கி இறுகுகின்றன. இப்படி இறுகிய ஒரு பகுதியைச் சிறுகுடலின் நொதிகளால் உடைக்க முடியாது. அது பெருங்குடல் வரை போய் அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. இரவில் தண்ணீரில் மூழ்கக் கிடக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லியாக வேண்டும். சமைத்தாலும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோற்றில் இருக்கக்கூடும். சோற்றைத் திறந்தபடி, தண்ணீர் ஊற்றாமல் வெயில் கால வெக்கையில் மணிக்கணக்கில் போட்டுவைத்தால் அது பெருகி வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பிறகு சூடுபடுத்தினாலும் வாந்தியை உண்டாக்கும் அதன் நஞ்சு போகாது. சோறு ஆறியதும் சுத்தமான நீர் ஊற்றி மூடிவிட வேண்டும். கைக்குழந்தைக்கும், நோயாளிக்கும், முதியவருக்கும் கொடுப்பதாக இருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததையே கொடுக்கலாம்.

கேழ்வரகுக்கு வருவோம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் இருப்பது 10 மில்லிகிராம் அளவுதான். ஆனால் கேழ்வரகில் உள்ள ஃபைடிக் அமிலம் அந்தக் கால்சியத்தையும் இரும்பையும் கட்டிப்போட்டு வைக்கிறது. ஊறவைத்து முளைகட்டும்போது விதை தன் வளர்ச்சிக்காக ஃபைட்டேஸ் என்ற நொதியைச் சுரந்து அந்தக் கட்டை அவிழ்க்கிறது. சத்துமாவுக்குக் கேழ்வரகை முளைகட்டி, நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்துத் திரிக்கும் வழக்கம் அதனால் வெறும் சம்பிரதாயம் அல்ல.

முளைகட்டுவதில் இன்னொரு பலனும் உண்டு. கைக்குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிய வேண்டும். கஞ்சி காய்ச்சும்போது மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து உப்பிக் கெட்டியாகும். குழந்தை விழுங்குவதற்காகத் தண்ணீரைக் கூட்டுகிறோம். வயிறு நிறைகிறது, ஆனால் உள்ளே போவது பெரும்பாலும் தண்ணீர். பரோடாவில் 1980-களில் ஊட்டச்சத்து ஆய்வாளர் தாரா கோபால்தாஸ் இதற்கு முளைத் தானியத்தைக் கொண்டு வழி கண்டார். முளைவிட்ட தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி நிறைந்திருக்கும். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி கொஞ்சம் ஆறிய பின், முளைகட்டித் திரித்த மாவைச் சிறிதளவு கலந்தால், அந்த நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடும். கண்ணெதிரே சில நிமிடங்களில் கஞ்சி இளகி ஓடும். தண்ணீர் சேர்க்காமலேயே இளகியதால் ஒவ்வொரு கரண்டியிலும் தானியம் அதிகம், ஆற்றல் அதிகம். கொதிக்கும் கஞ்சியில் கலக்கக் கூடாது, நொதி செயலிழந்துவிடும். அதேபோல முளைகட்டிய தானியத்தை உலர்த்தும்போது கருக வறுத்துவிட்டாலும் பயனில்லை. கலந்த பிறகு ஒருமுறை சூடுபடுத்திக் கொடுப்பது பாதுகாப்பு.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிச்சம். கேழ்வரகைக் கண்டாலே முகம் திருப்பும் குழந்தையை என்ன செய்வது? அமெரிக்க உளவியலாளர் லீஆன் பர்ச் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகளை வெவ்வேறு எண்ணிக்கையில் திரும்பத் திரும்பச் சுவைக்கக் கொடுத்துப் பார்த்தார். அதிக முறை சுவைத்த உணவையே குழந்தைகள் பிறகு விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். பார்த்தால் மட்டும் போதாது, நாக்கில் பட வேண்டும் என்பதை அவருடைய அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. முதல் வாய் துப்பியதைக் கண்டு "இதுக்குப் பிடிக்கல" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. திட்டி ஊட்டவும் கூடாது. சிறிதளவு, அடிக்கடி, பழகிய ஒன்றோடு சேர்த்து.

பழகிய ஒன்று நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தோசை மாவில் ஐந்தில் ஒரு பங்கு கேழ்வரகு மாவைக் கரைத்து இரவில் வைத்துவிடுங்கள். அந்த பாக்டீரியாக்கள் அதையும் புளிக்க வைக்கும். நிறம் கொஞ்சம் மங்கும், சுவையில் பெரிய மாற்றம் தெரியாது. இரண்டு வாரம் கழித்து நாலில் ஒரு பங்கு, பிறகு மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் தோசை கல்லில் ஒட்டத் தொடங்கும், அப்போது ஒரு கைப்பிடி உளுந்தைக் கூட்டி அரைத்துக்கொள்ளலாம். கம்பையும் சோளத்தையும் இதே மாதிரி சேர்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாவு ஆட்டும்போது வீட்டில் இருக்கும் ஆண்கள் உளுந்து களையட்டும், பிள்ளைகள் மாவுத் துளி மிதக்கிறதா என்று பார்க்கட்டும். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுபவர் ஐந்தே முக்காலுக்கு எழலாம்.